நனைந்த நெருப்புப்பெட்டியும் கதையில்லாத வேலியும்

சித்தப்பா முற்றத்தில் குந்தியிருந்தார். தலையில் உரப்பை. கையில், மோட்டார் சைக்கிளிலிருந்து கழற்றிய பிளக். அவருக்கு முன்னால் ஒரு புதுப்பானை, மூன்று கல், தூறலில் ஓரம் கரைந்துகொண்டிருந்த ஒரு மாக்கோலம். கிழக்கு வானம் கழுவாத சட்டியின் அடிப்பக்கம் போல இருந்தது.

தைப்பொங்கல் காலை. எங்களிடம் பச்சரிசி இருந்தது. வறுத்த பயறு இருந்தது. சர்க்கரை, முந்திரிகைவற்றல், கரும்பு, பால், சீனவெடி ஒரு கட்டு. நெருப்பு மட்டும் இல்லை.

"ரெண்டு நிமிசம்," என்றார் சித்தப்பா.

அதை அவர் அரை மணித்தியாலமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பயனுள்ள கட்டுரை

வாராவாரம் வரும் இந்தத் தொடரைக் கிழமை தவறாமல் படிக்கும் வவுனியா வாசகர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். பழசைக் கிண்டிக்கொண்டிராமல் நாலு பேருக்குப் பயன்படுகிற மாதிரி ஏதாவது எழுதினால் என்ன என்று கேட்கிறார். நியாயம்தான். மூன்று கிழமையாக மழையைப் பற்றியே எழுதிவிட்டேன். அவர் குழாய்த் தண்ணீர்க்காரராக இருக்கவேண்டும்; மழையால் அவருக்கு என்ன ஆகப்போகிறது?

ஆகவே இந்தக் கிழமை: வீட்டில் கிடைக்கும் அன்றாடப் பொருட்களைக் கொண்டு நெருப்பு மூட்டுவது எப்படி. பக்கத்தைக் கிழித்துக் குசினிச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம். ஈரம் வராத இடமாகப் பார்த்து ஒட்டவும். காய்ந்த கடதாசியின் அருமை இந்தக் கட்டுரை முடிவதற்குள் தெரிந்துவிடும்.

ஒரேயொரு பெட்டி

புதுக்குடியிருப்பிலிருந்து உள்ளே இறங்கும் ஒரு செம்மண் ஒழுங்கையில் இருக்கிறது சின்னம்மாவின் காணி. சின்னம்மா என்றால் என் அம்மாவின் தங்கை, சித்தப்பாவின் மனைவி. பல வருடங்களாக அந்தக் காணியில் ஒரு காவல் கோபுரமும் கொஞ்சம் கரப்பந்தாட்டமும் நடந்துகொண்டிருந்தன. முந்தின வைகாசியில் ஆமிக்காரர் திருப்பித் தந்தார்கள். வலை கட்டிய கம்பங்களை மட்டும் கிணற்றடியில் விட்டுப் போயிருந்தார்கள். உடுப்புக் காயப்போடக் கொடி கட்டத் தோதாக இருக்கிறது. நன்றி சொல்ல யாருமில்லாததால் இங்கே சொல்லிவிடுகிறேன்.

இடைப்பட்ட காலத்தில் சின்னம்மா பல இடங்களில் பொங்கினார். முகாமில், கூடாரத்துக்கும் கூடாரத்துக்கும் நடுவில். வவுனியாவில், ஒரு சொந்தக்காரரின் வாகனக் கொட்டிலில். கனகராயன்குளத்தில், புதுப் பெயின்ரில் புகை படக்கூடாது என்று வீட்டுக்காரர் குடையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்த ஒரு கொல்லையில். ஒவ்வொரு முறையும் பால் பொங்கி வழியும்போது சின்னம்மா ஒரே வசனத்தைத்தான் சொல்வார்.

"இது கணக்கில்லை."

கணக்கில் வரவேண்டிய பொங்கல் இதுதான். சொந்த மண்ணில், சூரியன் வரமுதல் பானை ஏறவேண்டும். அதற்காகத்தான் நானும் முதல் நாள் பஸ் ஏறி வந்திருந்தேன். அதற்காகத்தான் ரொறன்ரோவில் சின்னம்மாவின் மகள் வதனியும், பாரிசில் ஒரு மருமகனும், மெல்பேணில் சித்தப்பாவின் தம்பி குடும்பமும் வட்ஸ்அப்பில் ஒரே நேரத்தில் முழித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் கிடந்த கதிரையில் போனைச் சாய்த்து வைத்திருந்தோம். மூன்று கண்டங்கள் எங்கள் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தன. அடுப்பு அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நெருப்பு ஏன் இல்லை என்று கேட்பீர்கள். வழக்கமான நாளென்றால் இருந்திருக்கும். இரவு சமைத்த அடுப்பில் சாம்பலுக்குள்ளே தணல் உறங்கும். காலையில் கிளறி ஊதினால் எழும்பும். ஆனால் பொங்கலாயிற்றே. முதல் நாளே சின்னம்மா அடுப்பைச் சுத்தமாக வழித்து, சாம்பலை அள்ளிக் கொட்டி, சாணம் கரைத்து மெழுகிவிட்டார். சூரிய பகவானை வரவேற்க நாங்கள் செய்த முதல் வேலை, வீட்டில் இருந்த நெருப்பைக் கொன்றது.

மிச்சம் ஒரேயொரு நெருப்புப்பெட்டி. அதை வெற்றிலை, மஞ்சள், பழத்தோடு தாம்பாளத்தில் வைத்து, ஒழுங்காக இருக்கட்டும் என்று விடியமுதலே முற்றத்துக்குக் கொண்டுவந்தார். பிறகு தூறியது. மேலதிகமாக ஒரு பெட்டி வாங்கி வைக்கும் பொறுப்பு சித்தப்பாவுடையது. குசினித் தட்டில் ஒரு முழுப்பெட்டி இருக்கக் கண்டேன், அதனால் வாங்கவில்லை என்றார். அவர் கண்ட பெட்டிதான் தாம்பாளத்துப் பெட்டி.

காஸுக்கு வரிசையில் நின்ற காலம் அது. சிலிண்டர் கொட்டிலின் மூலையில், வேலையில்லாத மாப்பிள்ளை போல நின்றது. கரண்ட் அந்த ஒழுங்கைக்கு இன்னும் வரவில்லை. வரும் என்று தேர்தலுக்குத் தேர்தல் ஆட்கள் வந்து சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

தாடிக்காரன்

வதனிதான் முதலில் வழி சொன்னாள். யூரியூப்பில் இருக்கிறதாம். அனுப்பினாள். பார்த்தோம்.

ஒரு வெள்ளைக்காரன். தாடி. காட்டு நிறத்தில் மேலங்கி. பின்னால் அழகான பைன் மரங்கள். இவனுக்கு நெருப்பு தேவையில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. பொழுது போகவேண்டும், அவ்வளவுதான். சோடாத் தகரப் பேணியின் அடியைச் சொக்கிலேற் போட்டு மினுக்கி வெயிலைப் பிடித்தான். பொலித்தீன் பையில் தண்ணீர் நிரப்பி வெயிலைப் பிடித்தான். மூக்குக் கண்ணாடியால் வெயிலைப் பிடித்தான். பிடித்த இடத்திலெல்லாம் புகை வந்தது.

"மாமி, உங்கடை கண்ணாடியை எடுங்கோவன்," என்றது பாரிஸ்.

சின்னம்மா எடுத்தார். வாசிக்கப் போடுகிற கண்ணாடி, நல்ல தடிப்பு. என்னுடையது கிட்டப்பார்வைக்கானது, வெளிச்சத்தை ஓரிடத்தில் சேர்க்காது, நாலாபக்கமும் கலைத்துவிடும். கொஞ்ச நேரம் கண்ணாடியைக் கிழக்கே பிடித்துக்கொண்டு நின்றோம். பிறகுதான் சித்தப்பா அந்த ஞானத்தை வெளியிட்டார்.

"சூரியனுக்குப் பொங்க நெருப்பு வேணும். நெருப்புக்குச் சூரியன் வேணுமாம். சூரியன் வந்திட்டால் பிறகென்னத்துக்குப் பொங்கிறது?"

மூன்று கண்டங்களும் வேறு வழி தேடின.

அடுத்தது ரோர்ச் பற்றறியும் சுவிங்கம் சுற்றிவரும் வெள்ளிக் கடதாசியும். சுவிங்கம் என் பையில் இருந்தது. கடதாசியை நடுவில் ஒடுக்கமாக வெட்டி, இரண்டு முனையையும் பற்றறியில் பிடித்தேன். ஒரு கணம் சிவந்தது. தேர்தல் வாக்குறுதி மாதிரி, கண்ணுக்கு முன்னாலேயே பளிச்சிட்டுப் போய்விட்டது. விரல் சுட்டதுதான் மிச்சம். இன்னொரு முறை பிடித்தபோது அதுவும் இல்லை, பற்றறி செத்துவிட்டது.

எலுமிச்சங்காயில் ஆணி குத்தி நெருப்பு எடுக்கலாம் என்றது மெல்பேண். எலுமிச்சங்காயை வெட்டித் தேத்தண்ணியில் விடத்தான் தெரியும் என்றார் சின்னம்மா. தேத்தண்ணிக்கும் நெருப்பு வேண்டும் என்பது பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. அன்று காலை யாரும் தேத்தண்ணி குடித்திருக்கவில்லை. இந்தக் கட்டுரையில் வரும் எல்லோருடைய குணத்தையும் அதை மனதில் வைத்து மன்னிக்கவும்.

அம்மன் கோயிலில் உப்புத் தண்ணீரில் விளக்கெரிகிற மாவட்டத்தில் மழைத் தண்ணீரில் ஓர் அடுப்பு எரியாதா என்று சித்தப்பா கேட்டார்.

"அது அம்மாளாச்சி," என்றார் சின்னம்மா. "நீங்கள் ஆர்?"

சித்தப்பாவின் விஞ்ஞானம்

தாடிக்காரனைச் சித்தப்பா மதிக்கவில்லை. அவரிடம் சொந்த வழி இருந்தது. மோட்டார் சைக்கிளில் பிளக் இருக்கிறது, பிளக்கில் பொறி இருக்கிறது, தாங்கியில் பெற்றோல் இருக்கிறது. மூன்றையும் ஓரிடத்தில் சந்திக்க வைத்தால் போதும். ஒரு பால்மாப் பேணியில் கொஞ்சம் பெற்றோல் இறக்கினார். பிளக்கைக் கழற்றினார். கழற்றிய பிளக்கில் தூறல் விழுந்தது. உதைத்தார், உதைத்தார். பொறி வரவில்லை.

"இஞ்சேருங்கோ," என்றார் சின்னம்மா, "உதை விட்டிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு சந்திக் கடைக்காரன்ரை வீட்டை போய் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு வாங்கோவன்."

"பிளக்கைப் பூட்டினால்தானே போகலாம்."

"அப்ப பூட்டுங்கோ."

"பூட்டிப் பாத்தனான். இப்ப அது ஸ்ராட் வருதில்லை."

நெருப்புப்பெட்டி வாங்கி வரக்கூடிய ஒரே வாகனத்தை அவர் நெருப்புப்பெட்டியாக மாற்றப் பார்த்தார். இப்போது அது இரண்டுமில்லை; நடந்து போய் வருவதென்றால் விடிந்துவிடும். வெளிநாட்டு உறவுகளுக்கு இந்தக் கட்டம் பிடித்திருந்தது. மெல்பேணில் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. சின்னம்மா போனைத் திருப்பிக் கரும்பைப் பார்க்க வைத்தார்.

அன்றாடப் பொருள்

அன்றாடப் பொருள் என்று தாடிக்காரன் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் பக்கத்தில் எது அன்றாடப் பொருள் என்பது பத்து வருடத்துக்கு ஒருமுறை மாறும். பொருட்களுக்குப் பாதை மூடியிருந்த ஒரு காலத்தில் பற்றறி அரும்பொருள். மெழுகுதிரி அரும்பொருள். நெருப்புப்பெட்டி வந்தால், வெளிநாட்டிலிருந்து யாரோ வந்தது போலப் போய்ப் பார்ப்போம்.

அப்போது சின்னம்மா சவர அலகால் நெருப்புக்குச்சியை நெடுக்காகப் பிளப்பார். ஒன்று இரண்டாகும். கைப்பழக்கம் வந்தபிறகு ஒன்றை மூன்றாகப் பிளந்து பார்த்தார். மூன்றாவது துண்டு பேச்சுவார்த்தை மாதிரி. பார்வைக்கு எல்லாம் சரியாக இருக்கும், பற்றாது.

ஒரு குச்சியால் ஒரு வீட்டில் மூட்டினால் அந்த ஒழுங்கை முழுவதும் அதை வைத்தே சமாளிக்கும். விடியக்காலையில் கூரைகளைப் பார்ப்போம். எந்தக் கூரையில் புகை? அந்த வீட்டுக்குச் சிரட்டையோடு போனால் ஒரு துண்டுத் தணல் கிடைக்கும். ஊதி ஊதிக் கொண்டுவரவேண்டும். பாதி வழியில் தும்மினால் திரும்பப் போகவேண்டும். வெள்ளிக்கிழமையும் நல்ல நாளும் மட்டும் தரமாட்டார்கள். அன்றைக்கு நெருப்புக் கொடுத்தால் வீட்டு லட்சுமியும் கூடவே போய்விடுவாள். மற்ற நாட்களில் லட்சுமிக்கு நடக்க ஏலாது போலும்.

பிறகு, புகையே வரக்கூடாத காலமும் வந்தது. போரின் கடைசி மாதங்கள். மேலே வண்டு என்று நாங்கள் சொன்ன ஆளில்லா விமானம் இரைந்துகொண்டு சுற்றும். புகையைக் கண்டால் கொஞ்ச நேரத்தில் ஷெல் வரும். முள்ளிவாய்க்காலுக்கு முந்தின ஏதோ ஒரு தென்னங்காணி. மூன்று நாள் மழை. விறகு, பாளை, பன்னாடை, எல்லாம் ஊறிப்போய்க் கிடந்தன. தறப்பாளுக்குக் கீழே குழந்தைகளுக்குக் கஞ்சி வைக்க வேண்டும். ஒருவராலும் மூட்ட முடியவில்லை.

ஒரு பெண் எழுந்து போனார். கைவிடப்பட்ட சைக்கிள் ஒன்றின் ரியூப்பை உருவி, கத்தியால் நாடா நாடாவாகக் கீறினார். சிரட்டைக்குள் ஒரு நாடாவைச் சுருட்டி வைத்துப் பற்றவைத்தார். ரப்பர் மழையிலும் எரியும். அதன் கரும்புகையை ஈரச்சாக்கைக் குடைபோலப் பிடித்து மண்ணோடு மண்ணாக அமுக்கினார். அந்தச் சிரட்டையிலிருந்து இருபது அடுப்புகள் எரிந்தன. ஓர் அடுப்பு சின்னம்மாவுடையது. நான் பக்கத்தில் நின்றேன்.

அந்தப் பெண்ணின் பெயர் ராமாயி.

ஒரு 'ங்கோ' போன கதை

ராமாயியக்கா சின்னம்மாவின் பக்கத்துக் காணிக்காரர். அவருடைய தாய் தகப்பன் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். கலவரத்தில் அடிபட்டு, கைக்குழந்தையோடு வன்னிக்கு வந்தார்கள். அந்தக் கைக்குழந்தை ராமாயியக்கா. மலைநாட்டுப் பேச்சு வீட்டிலிருந்து வந்தது, வன்னிப் பேச்சு வெளியிலிருந்து வந்தது. இரண்டையும் முடிச்சுப் போட்டு ஒரு சொல் வைத்திருக்கிறார். எதைக் கேட்டாலும் "ஓம்ங்க" என்பார்.

காணி விட்ட அன்று இரண்டு குடும்பமும் ஒரே பஸ்ஸில் வந்திறங்கின. அந்த ஒழுங்கையில் இன்றுவரை குடிவந்திருப்பதும் இந்த இரண்டு வீடுதான். மற்றதெல்லாம் பற்றை. இறங்கிப் பார்த்தால் வேலி இல்லை, மரம் இல்லை, எல்லைக்கல் இல்லை. புல்டோசர் எல்லாவற்றையும் சமத்துவமாகத் தள்ளியிருந்தது. வேலி முருங்கை மரத்தை ஒட்டிப் போனது என்றார் சின்னம்மா. பூவரசை ஒட்டிப் போனது என்றார் ராமாயியக்கா. இல்லாத முருங்கைக்கும் இல்லாத பூவரசுக்கும் இடையில் மூன்று அடி நிலம் இருந்தது. ஏக்கர் கணக்கில் பறிபோனபோது வாய் திறக்காத நாங்கள் மூன்று அடிக்குத் திறந்தோம்.

முதலில் போனது 'ங்கோ' என்கிற மரியாதை. "உங்கடை பூவரசு எங்கை நிண்டது, சொல்லுங்கோ" என்று தொடங்கிய சின்னம்மா, "உன்ரை பூவரசு" என்று இறங்கினார். அதற்குப் பிறகு ஒரு சொல் வந்தது. எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதவேண்டும்.

"தோட்டக்காட்டுக்குப் போ."

ராமாயியக்கா கையிலிருந்த பையைக் கீழே வைத்தார். பிறகு, "எந்தத் தோட்டத்துக்கும்மா?" என்று கேட்டார். "பஸ் நம்பரச் சொல்லுங்க, போறேன்."

அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் கதையில்லை. நாட்டில் வேறெங்கும் கதையில்லை என்றால் எழுத விசயமில்லை என்று அர்த்தம். எங்கள் ஊரில் பேச்சு வார்த்தை இல்லை என்று அர்த்தம். வாயால் கதையில்லாதவர்கள் கடதாசியால் கதைத்தார்கள். கிராம சேவையாளருக்கு ஒன்று, பிரதேச செயலகத்துக்கு ஒன்று, இணக்கசபைக்கு ஒன்று. தீர்ப்பு வரும்வரை அந்த மூன்று அடியின் நடுவில் தென்னோலைக் கிடுகால் ஒரு வேலி நின்றது. எட்டு மாதத்தில் இரண்டு கொட்டிலிலும் ஆளுக்கொரு கோப்பு கொழுத்தது. கூரை ஒழுகினாலும் கோப்பு நனையாது. இரண்டும் பொலித்தீனில் சுற்றிப் பத்திரமாக இருந்தன.

நான் வந்திறங்கிய அன்றே சின்னம்மா சட்டம் சொல்லிவிட்டார். "வேலியடிக்குப் போய் அவளோடை கதைச்சியெண்டால் எனக்குப் பொங்கலும் வேண்டாம், நீயும் வேண்டாம்."

நெருப்பு மூட்டுவதற்கான வினோத வழிகள் ஏன் கண்டுபிடிக்கப்படுகின்றன என்று எனக்கு இப்போது விளங்கியிருக்கிறது. அந்தத் தாடிக்காரனும் பக்கத்து வீட்டோடு கோபமாக இருக்கவேண்டும்.

ஜிம்மியும் கறுப்பியும்

வேலிக்கு அப்பால் சத்தம் கேட்டது. சர்க். சர்க். சர்க். கொஞ்சம் இடைவெளி. மறுபடி சர்க்.

கிடுகு நீக்கலால் பார்த்தேன். அங்கேயும் புதுப்பானை, அங்கேயும் மூன்று கல், அங்கேயும் நனைந்த ஒரு நெருப்புப்பெட்டி. ராமாயியக்கா கையில் ஒரு பச்சை லைற்றர். செத்துப்போன கணவருடையது. அதில் காஸ் முடிந்து வருடங்கள். சக்கரம் மட்டும் சுற்றும், பொறி மட்டும் பறக்கும்.

கதையில்லாதவர்கள் பேசுவதற்கு எங்களிடம் ஒரு வழி உண்டு. அதற்குச் சாடை என்று பெயர். மிருகத்தைப் பார்த்துச் சொல்வது, மனிதருக்குக் கேட்க. சின்னம்மாவிடம் ஜிம்மி என்ற நாய். ராமாயியக்காவிடம் கறுப்பி என்ற ஆடு. எட்டு மாதமாக வேலித் தகராறு பற்றி இந்த இரண்டுக்கும் தெரிந்த அளவு இணக்கசபைக்கும் தெரியாது.

சின்னம்மா ஜிம்மியைப் பார்த்தார். "எட ஜிம்மி, சில பேருக்கு விடியக் காலமையே லைற்றரோடை விளையாட்டு. பொறி பறந்தால் போதுமே? மூட்டத் தெரியவேணும்."

அப்பாலிருந்து பதில் வந்தது. "கேட்டியா கறுப்பி, பொறி எங்கிட்ட இருக்கு. பிடிக்கிறதுக்கு காஞ்சது ஒண்ணு வேணுமே. மழையப் பத்தவைக்க நான் என்ன மந்திரக்காரியா?"

சின்னம்மாவின் முகம் மாறியது. பொறி இருக்கிறது. அங்கே பொறி இருக்கிறது. இங்கே பேணியில் பெற்றோல் இருக்கிறது.

சித்தப்பா எழும்பினார். என்னைப் பார்த்து, ஆனால் சந்திக்குக் கேட்கிற குரலில், "தம்பி, இஞ்சை பெற்றோல் இருக்கு என்ன?" என்றார்.

"ஓம் சித்தப்பா," என்றேன், அதே குரலில்.

சர்க் நின்றது.

கிழக்கில் சட்டியின் அடிப்பக்கம் வெளிறத் தொடங்கியிருந்தது. சின்னம்மா அதைப் பார்த்தார். பானையைப் பார்த்தார். பிறகு நாயின் தலையில் கையை வைத்தார்.

"ஜிம்மி, நல்லநாளிலை ஆரும் வீட்டு நெருப்பை வெளியிலை குடுக்கமாட்டினம். கேக்கவும் கூடாது. ஆனால் லைற்றர் நெருப்பில்லை."

"அது சரிதான் கறுப்பி," என்றது வேலி. "காஸ் இல்லாத லைட்டர்ல ஏது லட்சுமி? வெறும் சக்கரம்தானே."

கிடுகு நீக்கலுக்குள்ளால் பச்சை லைற்றர் வந்தது. நான் வாங்கினேன். நாயும் ஆடும் செய்துகொண்ட ஒப்பந்தம் என்பதால் யாருக்கும் மானக்கேடில்லை.

காய்ந்த கடதாசி

பழந்துணியைப் பெற்றோலில் தோய்த்துச் சிரட்டையில் வைத்து, வேலியின் அடியிலேயே வைத்தோம். எந்த வீட்டு நெருப்பு என்று பிறகு கேள்வி வரக்கூடாது. தகராறு நிலம் முதன்முறையாக ஒரு வேலைக்கு உதவியது. சித்தப்பா லைற்றரைத் தட்டினார். மூன்றாவது தட்டில் பற்றியது. அவருடைய இடது புருவமும் கொஞ்சம் பற்றியது. கரும்பைப் பார்த்துக்கொண்டிருந்த போனிலிருந்து கைதட்டல் கேட்டது.

துணி நெருப்புக்கு ஆயுள் கொஞ்சம். விறகோ ஊறியிருந்தது. தும்பும் பாளையும் ஊறியிருந்தன. என்னுடைய கொப்பியைக் கேட்டார்கள், கொடுத்தேன். பஸ்ஸில் நனைந்த பையிலிருந்து வந்த கொப்பி, சுருண்டு, புகைந்து, அணைந்தது. இரண்டு பக்கம் வசனகவிதை. இதிலே நெருப்பு இல்லை என்று முன்பே சிலர் எழுதியிருக்கிறார்கள்.

"காய்ஞ்ச கடதாசி," என்றார் சின்னம்மா. "காய்ஞ்ச கடதாசி ஆரிட்டை இருக்கு?"

பதில் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் கொட்டிலுக்குள் போனார். அலுமாரி திறக்கிற சத்தம் கேட்டது. பொலித்தீன் உரிகிற சத்தம் கேட்டது. கோப்போடு வந்தார்.

வேலிக்கு அப்பால் ராமாயியக்கா அதைப் பார்த்தார். அவரும் உள்ளே போனார். வரும்போது அவர் கையிலும் ஒரு கோப்பு. அவருடையது கொஞ்சம் தடிப்பு.

மேலேயிருந்த தாளை எடுத்து நீக்கலால் என்னிடம் நீட்டினார். "தம்பி, எனக்கு சரியா வாசிக்க வராது. இத அம்மாகிட்டக் குடுங்க. வேணுங்கிற தாளா வேணாத தாளான்னு பாத்துச் சொல்லச் சொல்லுங்க."

அவருக்கு வாசிக்க வரும். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர். நான் தாளைச் சின்னம்மாவிடம் கொடுத்தேன்.

வெயிலைப் பிடிக்காத கண்ணாடியைச் சின்னம்மா மூக்கில் போட்டார். கந்தோர்த் தமிழ், அரச அலுவலகத்து மொழி. உதடு அசைய அசைய வாசித்தார். மேற்படி காணி, மேற்படி எல்லை, மேற்படி தினம். பாதியில் உதடு நின்றது. நான் தோளுக்கு மேலால் பார்த்தேன். 'எதிர்மனுதாரர் என்னைத் தோட்டக்காட்டுக்குப் போ எனக் கூறியமையால் நான் மிகுந்த மனவேதனை அடைந்துள்ளேன்.'

சிரட்டையில் நெருப்பு தணிந்துகொண்டிருந்தது. தூறலில் ஒரு பொட்டு தாளில் விழுந்தது. சின்னம்மா அதைச் சேலைத் தலைப்பால் ஒற்றினார். எரிக்கப்போகிற தாளை ஏன் துடைக்கிறார் என்று நான் கேட்கவில்லை.

"வேண்டாத தாள்," என்றார். நாயைப் பார்க்கவில்லை. "உது வேண்டாத தாள்."

அந்தத் தாளில்தான் நெருப்பு ஏறியது. பிறகு சின்னம்மாவின் முறைப்பாடு, ராமாயியக்காவின் எதிர் முறைப்பாடு, இணக்கசபை அழைப்பு, அதற்கு வராததற்கான விளக்கம், விளக்கத்துக்கான மறுப்பு. அரச கடதாசி இவ்வளவு நன்றாக எரியும் என்று தாடிக்காரனுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. இந்தக் கட்டுரையின் பயனுள்ள பகுதி இதுதான்: எட்டு மாதக் கோபத்தைப் பொலித்தீனில் சுற்றி வைத்தால் எந்த மழையிலும் அடுப்பு மூட்டலாம். ஈர விறகு முதலில் அழுதது, சீறியது, பிறகு வேறு வழியில்லாமல் பற்றியது. கொள்ளி ஒன்று இந்தப் பக்கம் வந்தது, ஒன்று அந்தப் பக்கம் போனது.

சூரியன் வருவதற்கு முன்பா பின்பா பானை ஏறியது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. முகில் அப்படி. இரு தரப்புக்கும் சாதகமான தீர்ப்பு.

கணக்கு

பால் பொங்கியது. இந்தப் பக்கம் முதலில், கொஞ்சம் பிந்தி அந்தப் பக்கம். சித்தப்பா சீனவெடி கொளுத்தினார். ஜிம்மி கட்டிலுக்குக் கீழே போனது. இந்த ஊரில் பிறந்த நாய். ரொறன்ரோவில் வதனி அழுதாள். எந்த முறையில் மூட்டினீர்கள் என்று மெல்பேண் கேட்டது. அன்றாடப் பொருட்கள் என்றார் சித்தப்பா, பாதிப் புருவத்தோடு.

சின்னம்மா அரிசியை அள்ளிப் போட்டுவிட்டு அகப்பையோடு நின்றார். இது கணக்கா இல்லையா என்று அவர் வாயிலிருந்து வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை.

"அம்மா," என்று கூப்பிட்டார் ராமாயியக்கா. ஆட்டை அல்ல. வேலிக்கு மேலால் தலை தெரிந்தது, கண்ணெல்லாம் புகை.

சின்னம்மா நிமிர்ந்தார்.

"நீங்க எரிச்ச தாளு போட்டோக் கொப்பி. ஒரிஜினல் பெட்டிக்குள்ள இருக்கு."

சித்தப்பாவின் கை மிச்ச வெடியோடு அப்படியே நின்றது. சின்னம்மா பானையை ஒருதரம் துழாவினார். அகப்பையைத் தட்டி, மூடியின் மேல் வைத்தார்.

"தெரியும்," என்றார். "சீல் இல்லை, பாத்தனான். எங்கடையும் கொப்பிதான்."

குனிந்து ஒரு கொள்ளியை அடுப்புக்குள் தள்ளினார். பிறகு சின்னம்மா சொன்னார், எட்டு மாதத்துக்குப் பிறகு வேலியைத் தாண்டிப் போன முதல் 'ங்கோ'வோடு.

"நல்லாச் சுத்தி வைச்சிருங்கோ. மழை இன்னும் விட்டபாடில்லை."

"ஓம்ங்க," என்றார் ராமாயியக்கா.